எட்டிக்கொட்டையும் அதிலுள்ள ஸ்ட்ரிக்னின் நஞ்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டி மரத்தைப் பற்றித் தமிழில் பெரும்பாலும் இரண்டு விதமான பேச்சுகளே காதில் விழுகின்றன. மரத்தடியில் நிற்பதே ஆகாது என்ற அச்சம் ஒன்று. நரம்புத் தளர்ச்சி முதல் ஆண்மைக் குறைவு வரை எல்லாவற்றையும் எட்டிக்கொட்டை தீர்க்கும் என்ற விளம்பரம் மற்றொன்று. முதலாவது ஒரு நல்ல மரத்தை வெட்ட வைக்கிறது. இரண்டாவது உயிரையே எடுத்துவிடக்கூடும். இரண்டுக்கும் இடையில் உண்மை என்ன என்பதைத் தெளிவாகச் சொல்வதே இந்தப் பக்கத்தின் நோக்கம்.

எட்டி என்பது எந்த மரம்? அதை எப்படி அடையாளம் காண்பது?

தாவரவியலில் ஸ்ட்ரிக்னோஸ் நக்ஸ்-வாமிகா என்று அழைக்கப்படும் நடுத்தர உயர மரமே எட்டி. காஞ்சிரம், காஞ்சிரை என்ற பெயர்களும் இதற்கு உண்டு. தென்னிந்தியா, இலங்கை, மியான்மர், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகிய நிலப்பகுதிகளில் இது இயல்பாக வளர்கிறது. தமிழ்நாட்டில் வறண்ட இலையுதிர் காடுகளிலும், சோழமண்டலக் கரையோரம் எஞ்சியிருக்கும் கோயில்காடுகளிலும் இதைக் காணலாம். இலைகள் எதிரெதிராக அமைந்து பளபளப்பாக இருக்கும். அடியிலிருந்தே மூன்று முதல் ஐந்து நரம்புகள் பிரிந்து நுனியை நோக்கி ஓடுவதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். காய் பச்சையாக இருந்து, பழுத்ததும் ஆரஞ்சு நிறம் அடைகிறது. தோல் கெட்டியானது, உள்ளே வெண்மையான, வழவழப்பான சதையில் விதைகள் பதிந்திருக்கும்.

விதையைப் பார்த்தால் மறக்க முடியாது. நாணயம் போல வட்டமாகவும் தட்டையாகவும், ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் குறுக்களவில், சாம்பல் நிறத்தில் இருக்கும். மேற்பரப்பு முழுவதும் பட்டுப் போன்ற மெல்லிய முடிகள் படிந்திருப்பதால் தடவினால் வழுக்கும். கொம்பைப் போலக் கடினமானது என்பதால் உரலில் இடித்துப் பொடியாக்குவதே கடினம். பழம் சாத்துக்குடியை நினைவூட்டும் அளவிலும் நிறத்திலும் இருப்பதுதான் குழந்தைகள் உள்ள இடங்களில் கவலைக்குரிய செய்தி.

இந்த விதையில் உள்ள நஞ்சு எது?

ஸ்ட்ரிக்னின், புருசின் என்ற இரண்டு ஆல்கலாய்டுகள் (தாவரங்கள் உருவாக்கும் நைட்ரஜன் கலந்த சேர்மங்கள்) முதன்மையானவை. உலர்ந்த விதையின் எடையில் இந்த வகைப் பொருள்கள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு வரை இருக்கும். அதில் பாதியளவு ஸ்ட்ரிக்னின். புருசினும் அதே அமைப்பைச் சேர்ந்ததுதான் என்றாலும் நஞ்சின் வேகம் பல மடங்கு குறைவு. இரண்டுமே கடுமையான கசப்புடையவை. தண்ணீரில் மிகமிகச் சிறிதளவு ஸ்ட்ரிக்னின் கலந்தாலே நாக்கு அந்தக் கசப்பை உணர்ந்துவிடும். எட்டியின் பட்டையிலும் இலையிலும் வேரிலும்கூட இந்த ஆல்கலாய்டுகள் வெவ்வேறு அளவுகளில் உள்ளன. ஆகவே விதையை மட்டும் ஒதுக்கிவிட்டுப் பட்டையைக் கஷாயம் வைத்துக் குடிக்கலாம் என்று எண்ணுவது தவறு.

அது உடலுக்குள் சென்று செய்வது என்ன?

நம் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் தண்டுவடத்தில் இருக்கின்றன. அவை எப்போதும் தூண்டப்படுவதற்குத் தயாராகவே இருக்கும் என்பதால், அவற்றை அடக்கிவைக்க உடல் ஓர் ஏற்பாட்டை வைத்திருக்கிறது. கிளைசின் என்ற சிறிய அமினோ அமிலம் அண்டை நரம்பணுவிலிருந்து வெளிப்பட்டு, இயக்க நரம்பணுவின் மேலுள்ள ஏற்பியில் அமர்கிறது. உடனே அந்த ஏற்பி ஒரு வழியைத் திறந்து குளோரைடு அயனிகளை உள்ளே விடுகிறது. அதனால் அந்த அணு அமைதியடைகிறது. கையை மடக்கும்போது மடக்கும் தசை சுருங்க, அதற்கு எதிரே நீட்டும் தசை தளர்வது இந்த ஏற்பாட்டினால்தான். நிற்பதும் நடப்பதும் எழுதுவதும் இந்த இடைவிடாத அடக்கத்தின் மேல்தான் நடக்கின்றன.

ஸ்ட்ரிக்னின் மூலக்கூறு கிளைசின் அமர வேண்டிய அதே இடத்தில் தான் அமர்ந்துகொள்கிறது. ஆனால் வழியைத் திறப்பதில்லை. அடக்கும் கட்டளை போய்ச் சேராததால் இயக்க நரம்பணுக்கள் மூக்கணாங்கயிறு அறுந்த காளைகளாகின்றன. சிறு ஓசை, ஒரு தொடுதல், கண்ணில் படும் வெளிச்சம் ஆகியவைகூட உடல் முழுவதையும் விறைக்க வைக்கும் தூண்டுதலாகிவிடுகின்றன. மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் முழு வலுவோடு சுருங்கும்போது, வலுமிக்க முதுகுத் தசைகளே வெல்கின்றன; அதனால்தான் உடல் வில்லாகப் பின்னோக்கி வளைகிறது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்ட்ரிக்னின் தசைக்கோ நரம்புக்கோ புதிதாக எந்த ஆற்றலையும் கொடுப்பதில்லை. இருக்கும் கட்டுப்பாட்டை நீக்குவது ஒன்றே அதன் வேலை. சிறிய அளவில் ‘சுறுசுறுப்பு’ என்று உணரப்படுவதும், பெரிய அளவில் உயிரைப் பறிப்பதும் ஒரே செயலின் இரண்டு நிலைகளே. பின்வரும் பல கேள்விகளுக்கான விடை இதற்குள்ளேயே இருக்கிறது.

நஞ்சு ஏறியதன் அறிகுறிகள் யாவை?

பொதுவாக 15 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கும்; உடையாத கொட்டைத் துண்டுகள் வயிற்றில் இருந்தால் தாமதமாகவும் தொடங்கலாம். முதலில் இனம்புரியாத பதற்றம், சின்ன ஓசைக்கும் துள்ளிக் குலுங்குதல், கழுத்திலும் முகத்திலும் இறுக்கம். பிறகு தாடை இறுகி, உதடுகள் இழுபட்டுச் சிரிப்பது போன்ற தோற்றம் வரும். தொடர்ந்து சில நொடிகளிலிருந்து சில நிமிடங்கள் வரை நீடிக்கும் விறைப்பு வலிப்புகள் அலையலையாக வருகின்றன. இடையில் தசைகள் தளர்கின்றன. மார்புத் தசைகளும் உதரவிதானமும் விறைத்துப்போவதால் மூச்சு நின்றுபோவதே பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணம்.

மூளை வலிப்பிலிருந்து இதைப் பிரித்துக்காட்டும் மிக முக்கியமான வேறுபாடு, நோயாளி முழு நினைவோடு இருப்பார் என்பதே. தன் உடலுக்கு நேர்வதை அவர் உணர்ந்தபடியே இருக்கிறார். வலியும் அச்சமும் முழுமையாகத் தெரியும். உடனிருப்பவர்கள் அவர் காதுபட நம்பிக்கையின்மையைப் பேசக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இது வில்வாத சன்னி என்னும் டெட்டனஸ் நோய் போலவே இருக்கிறதே?

ஆம், ஏனெனில் இரண்டும் ஒரே அடக்கும் ஏற்பாட்டைத்தான் தாக்குகின்றன. டெட்டனஸ் கிருமியின் நஞ்சு கிளைசின் வெளிவருவதையே தடுக்கிறது. ஸ்ட்ரிக்னின் வெளிவந்த கிளைசினைச் செயல்படவிடாமல் தடுக்கிறது. டெட்டனஸ் நாள்கணக்கில் மெல்ல முற்றும், பெரும்பாலும் தாடை இறுக்கத்தில் தொடங்கும், வலிப்புகளுக்கு இடையிலும் தசைகள் இறுக்கமாகவே இருக்கும். ஸ்ட்ரிக்னின் நிமிடங்களில் முற்றும், இடைவெளிகளில் தசைகள் தளரும்.

பிறவியிலேயே இத்தகைய நிலையோடு பிறக்கும் குழந்தைகளும் உண்டு. ஹைப்பர்எக்ப்ளெக்சியா என்ற அரிய மரபுநோயில் கிளைசின் ஏற்பியே குறையுடன் அமைகிறது. சிறு ஓசைக்கும் குழந்தை மரக்கட்டையாய் விறைத்துவிடும். இதற்குக் காரணமான மரபணுக்களில் முதலாவது 1993இல் கண்டறியப்பட்டது. எட்டி விதை செய்யும் அதே காரியத்தை ஒரு மரபணுப் பிழை செய்கிறது என்பது, இந்த நஞ்சு எவ்வளவு குறிப்பான ஓர் இடத்தைத் தாக்குகிறது என்பதைக் காட்டுகிறது.

எத்தனை கொட்டை தின்றால் ஆபத்து?

பாதுகாப்பான எண்ணிக்கை என்று ஒன்று இல்லை என்பதே நேர்மையான விடை. விதைக்கு விதை, மரத்துக்கு மரம் நஞ்சின் அளவு மாறுகிறது. மெல்லாமல் விழுங்கிய முழு விதை அதன் கெட்டித்தன்மையால் சில நேரம் தீங்கின்றி வெளியேறிவிடக்கூடும். அதே விதை பொடியாகவோ அரைத்தோ உட்கொள்ளப்பட்டால் விளைவு முற்றிலும் வேறு. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் மிகக் குறைந்த அளவே பேராபத்து. ஆகவே உட்கொண்டது ஒரு துண்டாக இருந்தாலும், அறிகுறி எதுவும் தெரியாவிட்டாலும், காத்திருந்து பார்க்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

யாரேனும் தின்றுவிட்டார் என்று தெரிந்தால் உடனே என்ன செய்ய வேண்டும்?

தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற அவசர ஊர்தி எண்ணை உடனே அழைக்க வேண்டும். எட்டிக்கொட்டை என்ற ஐயம் இருப்பதை அழைக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. செயற்கைச் சுவாசக் கருவியும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனையே இதற்கு வேண்டும்; அருகிலுள்ள சிறிய மருத்துவமனைக்கு முதலில் போக நேர்ந்தாலும், வலிப்பைக் கட்டுப்படுத்தியபின் அங்கிருந்து மாற்ற வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஊர்தி வரும் வரை அவரை மங்கலான வெளிச்சமுள்ள, ஓசையற்ற அறையில் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். தொலைக்காட்சியை நிறுத்தி, கூட்டத்தை வெளியே அனுப்பி, கைபேசிகளை ஓசையின்றி வைப்பது வெறும் மரியாதைக்காக அன்று. ஒவ்வோர் ஓசையும் அடுத்த வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால் அது சிகிச்சையின் பகுதியே. கை கால்களைப் பிடித்து அழுத்துவதும், முகத்தில் தண்ணீர் தெளிப்பதும், கையில் இரும்பைத் திணிப்பதும், பற்களுக்கிடையில் கரண்டியை நுழைப்பதும் நிலைமையை மோசமாக்கும்.

நம் வீடுகளில் முதலில் தோன்றும் யோசனை உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது, அல்லது பால், நெய், முட்டையின் வெள்ளைக்கரு புகட்டுவது. இவற்றில் எதையும் செய்யக் கூடாது. வாந்தி எடுக்கும் முயற்சியே வலிப்பைத் தூண்டலாம்; வலிப்பின்போது வாயிலிருப்பது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். பால் இந்த நஞ்சை முறிக்கும் என்ற நம்பிக்கைக்கு எந்த ஆதாரமும் இல்லை. மீதமிருக்கும் கொட்டை, பொடி, மருந்துப் புட்டி எதுவாயினும் மருத்துவரிடம் காட்டுவதற்கு எடுத்துச் செல்ல வேண்டும். வழக்கமான சிறுநீர்ச் சோதனைகளில் ஸ்ட்ரிக்னின் தெரிவதில்லை என்பதால், நீங்கள் சொல்லும் தகவலே பல நேரங்களில் நோயைக் கண்டறியும் வழி.

மனவேதனையில் இருப்பவர் இந்தப் பக்கத்தைப் படிக்க நேர்ந்தால், அவரிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணிலும், இலங்கையில் 1926 என்ற எண்ணிலும் உங்கள் பேச்சைக் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். தயங்காமல் அழையுங்கள், உங்களுக்கு வேண்டிய ஒருவர் இப்படிப் பேசுவதைக் கேட்டாலும் அவர் சார்பில் நீங்களே அழைக்கலாம்.

மாற்று மருந்து உண்டா? மருத்துவமனையில் எப்படிக் காப்பாற்றுகிறார்கள்?

நேரடியான முறிமருந்து எதுவும் இல்லை. ஆனாலும் இது கைவிட வேண்டிய நஞ்சு அன்று. டயசெபாம், லோரசெபாம், மிடசோலம் போன்ற மருந்துகளால் வலிப்பை அடக்குகிறார்கள்; அவை கிளைசின் ஏற்பியைத் தொடாமல், காபா என்ற மற்றோர் அடக்கும் ஏற்பாட்டை வலுப்படுத்தி வேலை செய்கின்றன. அதற்கும் அடங்காவிட்டால் தசைகளை முழுமையாகத் தளர்த்தும் மருந்தைச் செலுத்தி, மூச்சுக்குழாயில் குழாய் வைத்துக் கருவி மூலம் சுவாசிக்கச் செய்கிறார்கள். மூச்சுவழி பாதுகாப்பாக இருந்தால், தொடக்க நேரத்திலேயே வருபவர்களுக்கு மருத்துவக் கரித்தூள் கொடுக்கப்படுகிறது.

தொடர்ந்த விறைப்பினால் உடல் சூடு ஆபத்தான அளவுக்கு ஏறலாம், இரத்தத்தில் அமிலத்தன்மை கூடலாம், தசைகள் சிதைந்து அவற்றின் புரதம் சிறுநீரகத்தை அடைக்கலாம். ஆகவே உடலைக் குளிர்விப்பதும் நிறைய திரவம் ஏற்றுவதும் வலிப்பை அடக்குவதற்கு இணையான முக்கியத்துவம் உடையவை. கல்லீரல் இந்த நஞ்சைப் பாதியாகக் குறைக்க ஏறத்தாழ 10 முதல் 16 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. முதல் 24 மணி நேரத்தைக் கடந்துவிட்டவர்கள் பெரும்பாலும் நரம்புக் குறைபாடு ஏதுமின்றி மீள்கிறார்கள் என்பது உண்மையிலேயே நம்பிக்கை தரும் செய்தி. நேரத்தோடு கொண்டுசேர்ப்பதுதான் எல்லாம்.

எட்டிக்கொட்டை நரம்புக்கு வலுவூட்டும் என்கிறார்களே?

இந்தக் கருத்து நம் நாட்டில் மட்டும் தோன்றியதன்று. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஸ்ட்ரிக்னின் கலந்த டானிக்குகளை மருத்துவர்களே எழுதிக் கொடுத்தார்கள். 1904இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடிய தாமஸ் ஹிக்ஸுக்கு, ஓட்டத்தின் நடுவே அவருடைய உதவியாளர்கள் முட்டை வெள்ளைக்கருவிலும் பிராந்தியிலும் ஸ்ட்ரிக்னினைக் கலந்து கொடுத்தார்கள். அவர் தங்கம் வென்றார். ஆனால் தாங்கிப் பிடித்துக் கொண்டுவர வேண்டிய நிலையில், உயிருக்குப் போராடியபடிதான் முடித்தார். இன்று அதே பொருள் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப்பட்டியலில் இருக்கிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் கிர்கிஸ்தானைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் ஒருவர் ஸ்ட்ரிக்னின் கண்டறியப்பட்டதால் வெண்கலப் பதக்கத்தை இழந்தார்.

நவீன மருத்துவம் ஸ்ட்ரிக்னினைக் கைவிட்டதற்குக் காரணம், பயன் என்று கருதப்பட்ட அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையே இருந்த இடைவெளி மிகவும் குறுகியது என்பதும், அந்தப் பயனே நிறுவப்படவில்லை என்பதும்தான். உடல் விறுவிறுப்படைவதைக் கண்டு வலிமை வந்துவிட்டதாக எண்ணினார்கள். உண்மையில் அது கட்டுப்பாடு தளர்ந்ததன் அறிகுறி. இன்றும் பெயரில்லாத பொட்டலங்களில், ‘முற்றிலும் மூலிகை’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பி, நரம்புத் தளர்ச்சிக்கும் ஆண்மைக்கும் என்று பொடி வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூலிகை என்பதே பாதுகாப்புக்குச் சான்று என்றால், எட்டியைவிட முழுமையான மூலிகை வேறு ஏது? உள்ளடக்கமும் உரிம எண்ணும் அச்சிடப்படாத எந்தப் பொடியையும் வாயில் போடக் கூடாது.

சித்த மருத்துவத்தில் எட்டிக்கொட்டை பயன்படுகிறதல்லவா? சுத்தி செய்தால் நஞ்சு போய்விடாதா?

பயன்படுகிறது. வாத நோய்களுக்கான மருந்துகளில் நெடுங்காலமாகவே அதற்கு இடம் உண்டு. அந்த மரபு எட்டியை நஞ்சு என்று அறிந்தே கையாண்டது என்பதைத்தான் இன்று விளம்பரம் செய்பவர்கள் மறைக்கிறார்கள். ஊறவைத்தல், பாலில் வேகவைத்தல், தோலையும் முளையையும் நீக்குதல், நெய்யில் வறுத்தல் என்று சுத்தி முறைகள் பலவாக வகுக்கப்பட்டதற்குக் காரணமே அந்த அறிவுதான். இம்முறைகள் ஆல்கலாய்டுகளின் அளவைக் குறைக்கின்றன என்பதும், சூட்டில் அவற்றின் ஒரு பகுதி வேறு சேர்மங்களாக மாறுகிறது என்பதும் ஆய்வகச் சோதனைகளில் தெரிந்தவை.

ஆனால் குறைவது வேறு, இல்லாமற்போவது வேறு. சுத்தி செய்த விதையிலும் ஸ்ட்ரிக்னின் இருக்கிறது. எவ்வளவு மிஞ்சும் என்பது கொட்டையின் தன்மை, ஊறிய காலம், வேகும் நேரம், மாற்றிய நீரின் அளவு ஆகிய பலவற்றைப் பொறுத்தது. வேகவைத்த பாலிலும் ஊறிய நீரிலும் நஞ்சு இறங்கியிருக்கும். அளந்து பார்க்கும் கருவி இல்லாத வீட்டுச் சமையலறையில், காணொளியைப் பார்த்து இதைச் செய்வது எந்த மரபுக்கும் உடன்பாடானதன்று. இந்தியாவின் மருந்து மற்றும் அழகுப்பொருள் விதிகளில் இணைக்கப்பட்டிருக்கும் நச்சுப் பொருள்களின் பட்டியலில் எட்டி சேர்க்கப்பட்டுள்ளது. அது சேர்ந்த உள்மருந்துகளை மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை மருந்தின் லேபிளில் இருக்க வேண்டும். பதிவுபெற்ற சித்த மருத்துவர் எழுதிக் கொடுத்து, உரிமம் பெற்ற நிறுவனம் தயாரித்ததை, சொன்ன அளவில், சொன்ன நாள்வரை மட்டும் எடுத்துக்கொள்பவரைப் பற்றியன்று என் கவலை. அளவைத் தாமாகவே கூட்டிக்கொள்பவர்களும், ஒருவருக்குக் கொடுத்ததை மற்றொருவருக்குப் பகிர்பவர்களும்தான் ஆபத்தில் இருக்கிறார்கள்.

கம்போடிய நாட்டு மருத்துவத்திலும் இதே விதை பயன்படுகிறது. அங்கிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களிடையே இதனால் நஞ்சேறிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

ஹோமியோபதியில் நக்ஸ் வாமிகா தருகிறார்களே, அதுவும் நஞ்சா?

30 என்று குறிக்கப்படும் வீரியத்திலும் அதற்கு மேலும், கரைசல் அத்தனை முறை நீர்த்துப்போயிருப்பதால் அதில் ஸ்ட்ரிக்னின் இருப்பதற்கு வாய்ப்பே இல்லை. எனவே நஞ்சேறும் அச்சம் வேண்டியதில்லை. தாய்க் கரைசல் எனப்படும் நீர்க்காத சாறு வேறு. அதில் ஆல்கலாய்டுகள் உள்ளன. அதைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

தேத்தான்கொட்டையும் எட்டிக்கொட்டையும் ஒன்றா?

இல்லை; ஆனால் உறவினர்கள். தேற்றா மரம், ஸ்ட்ரிக்னோஸ் பொட்டேட்டோரம் என்ற பெயரில் அதே பேரினத்தில் வருகிறது. அதன் விதையைப் பானையின் உட்புறம் உரைத்துக் கலங்கிய நீரைத் தெளியவைக்கும் வழக்கம் சங்கப் பாடலிலேயே உவமையாக வருமளவுக்குப் பழையது. விதையிலுள்ள புரதமும் பிசினும் நீரில் மிதக்கும் மண்துகள்களைத் திரட்டி அடியில் படியவைக்கின்றன. அதில் ஸ்ட்ரிக்னின் இல்லை.

தேத்தான்கொட்டை சிறியது, உருண்டையானது, மஞ்சள் கலந்த வெளிர் நிறத்தது. எட்டிக்கொட்டை பெரியது, தட்டையானது, சாம்பல் நிறத்தது. முழுதாக இருக்கும்போது ஒன்றை மற்றொன்றாக எண்ண முடியாது. பொடியாக்கிவிட்டால் கண்ணால் பிரிக்க முடியாது. ஆகவே தேத்தான்கொட்டை வாங்குபவர்கள் பொடியாக வாங்காமல் முழுக்கொட்டையாகவே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான பரிந்துரை.

அரளி விதை, ஒதளங்காய் ஆகியவையும் இதே நஞ்சைக் கொண்டவையா?

இல்லை. மஞ்சள் அரளியும் ஒதளங்காயும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுகளைக் கொண்டவை. இதயத்துடிப்பு குலைவதே அவற்றின் முதன்மை விளைவு, சிகிச்சையும் வேறு. எனவே ‘ஏதோ விஷக்காய்’ என்று சொல்லாமல், எந்த மரத்தின் காய் என்பதை மருத்துவரிடம் தெரிவிப்பது மிக முக்கியம். பெயர் தெரியாவிட்டால் இலையோடு கூடிய சிறு கிளையையும் காயையும் கொண்டுசெல்லுங்கள், அல்லது மரத்தைப் படம் எடுத்துக் காட்டுங்கள்.

பறவைகளும் குரங்குகளும் எட்டிப் பழத்தைத் தின்கின்றனவே, அவை ஏன் சாவதில்லை?

அவை தின்பது சதையை. நஞ்சின் பெரும்பகுதி விதைக்குள் இருக்கிறது. விதையோ அவை எளிதில் உடைக்க முடியாத கடினத்தோடு இருக்கிறது. இருவாச்சிகள் எட்டிப் பழத்தை விரும்பித் தின்று, விதையை உடைக்காமல் தொலைவில் கொண்டுபோய்ப் போடுகின்றன. ஒடிசாவில் எட்டியைக் குச்சிலா என்பார்கள். அங்கே இருவாச்சிக்கு வழங்கும் பெயரே ‘குச்சிலா தின்னி’ என்ற பொருள் கொண்டது. பழத்தைத் தின்று விதையைப் பரப்புபவருக்கு உணவும், விதையையே தின்ன வருபவருக்குக் கசப்பும் நஞ்சும் என்று மரம் வகுத்துவைத்திருக்கும் ஏற்பாடு வியக்கத்தக்கது. ‘எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன’ என்ற பழமொழி மனிதரின் பார்வையில் சொல்லப்பட்டது. இருவாச்சிக்கு எட்டி ஈகை மிகுந்த மரம்தான்.

ஆனால் விலங்கு தின்கிறது என்பது மனிதர் தின்னலாம் என்பதற்குச் சான்றாகாது. சதையிலும் சிறிதளவு நஞ்சு இருக்கிறது; தின்னும்போது விதை கடிபடுவதற்கும் வாய்ப்பு உண்டு.

மரம் இந்த நஞ்சை எப்படி உருவாக்குகிறது? அறிவியல் இதை எப்போது கண்டறிந்தது?

பாரிஸ் நகரின் பெல்த்தியே, கவாந்து என்ற இருவர் 1818இல் ஸ்ட்ரிக்னினைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். எட்டியிலிருந்தன்று, அதன் பிலிப்பைன்ஸ் உறவான ஒரு கொடியின் விதையிலிருந்து. அடுத்த ஆண்டே புருசினும் கிடைத்தது. தென்னமெரிக்க மருந்துப்பட்டை ஒன்றோடு தவறிக் கலந்து ஐரோப்பாவில் பலருக்கு நஞ்சாக முடிந்த வேறொரு பட்டையில்தான் அது முதலில் கண்டறியப்பட்டது. அந்தப் பட்டை எட்டி மரத்தினுடையதே என்பது பின்னரே தெரிந்தது. பெயர் தெரியாத பட்டையை மருந்தாக விற்பதன் விளைவுக்கு அது அந்தக் காலத்துச் சான்று.

ஏழு வளையங்கள் பின்னிக் கிடக்கும் ஸ்ட்ரிக்னினின் கட்டமைப்பை வேதியியலாளர்கள் அவிழ்ப்பதற்கு நூறாண்டுகளுக்கு மேலாயிற்று. ராபர்ட் ராபின்சன் 1946இல் சரியான அமைப்பை முன்வைத்தார். ராபர்ட் வுட்வர்டு 1954இல் அதை ஆய்வகத்தில் முழுமையாகச் செயற்கை முறையில் உருவாக்கினார். மரம் அதை எப்படிச் செய்கிறது என்பது 2022இல்தான் தெளிவாயிற்று. ஜெர்மனியின் யேனா நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் வேதிச் சூழலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், டிரிப்டோபன் என்ற சாதாரண அமினோ அமிலத்திலிருந்து தொடங்கும் அந்தப் பாதையின் நொதிகளைக் கண்டறிந்து, புகையிலை இனச் செடி ஒன்றிலேயே ஸ்ட்ரிக்னினை உருவாக்கிக் காட்டினார்கள். கடைசிப் படி நொதி ஏதுமின்றித் தானாகவே நடக்கிறது என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று.

இந்த நஞ்சு மனிதருக்குப் பயன்பட்டதும் இங்கேதான் என்று சொல்ல வேண்டும். கிளைசின் ஏற்பியை நரம்பு மண்டலத்திலிருந்து தனியாகப் பிரித்தெடுக்க உதவியது, அதை இறுகப் பற்றிக்கொள்ளும் ஸ்ட்ரிக்னின்தான்.

எலி, தெருநாய் ஆகியவற்றைக் கொல்ல இதைப் பயன்படுத்தலாமா?

கூடாது. கொறிவிலங்குகளைக் கொல்ல நூற்றாண்டுக்கணக்கில் பயன்பட்டிருந்தாலும், ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் இதைக் கைவிட்டது. கனடாவும் அண்மையில் தரை அணில்களுக்கு எதிரான பயன்பாட்டை முடிவுக்குக் கொண்டுவந்தது. இரையில் வைக்கும் ஸ்ட்ரிக்னின் குறிவைத்த விலங்கோடு நிற்பதில்லை. அந்தச் சடலத்தைத் தின்னும் நாயும் நரியும் கழுகும் சேர்ந்து சாகின்றன. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், தெருநாய்களின் இதயத்தில் ஸ்ட்ரிக்னின் ஊசி செலுத்திக் கொல்வதைப் பெயர் சொல்லியே கொடுமை என்று வரையறுக்கிறது. நினைவோடு இருந்தபடி மூச்சுத்திணறிச் சாகும் ஓர் உயிரை நினைத்துப் பார்த்தால், அந்தச் சட்ட வாசகத்தின் நியாயம் புரியும்.

மரத்தைத் தொட்டாலோ நிழலில் உட்கார்ந்தாலோ தீங்கு வருமா?

வராது. நிழலுக்கும் காற்றுக்கும் நஞ்சு இல்லை. முழு விதையைக் கையில் எடுத்துப் பார்ப்பதாலும் தீங்கில்லை. பிறகு கையைக் கழுவினால் போதும். இதன் மரம் கெட்டியானது, கரையான் எளிதில் அண்டாது. விதையை இடித்துப் பொடியாக்கும் இடத்தில் மட்டும், அந்தத் தூசி கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மெல்லிய சவ்வுகள் வழியாக நஞ்சு உடலுக்குள் செல்லக்கூடும்.

எங்கள் ஊர்க் கோயிலின் நட்சத்திர வனத்தில் எட்டி இருக்கிறது. குழந்தைகள் வருகிறார்கள், வெட்டிவிடலாமா?

அசுவினி நட்சத்திரத்துக்குரிய மரமாக எட்டி கருதப்படுவதால் பல நட்சத்திர வனங்களில் அது நடப்பட்டிருக்கிறது. வெட்ட வேண்டியதில்லை. இருவாச்சி முதலிய பழந்தின்னிகளுக்கு உணவாகும் நாட்டு மரம் இது. காடுகளிலும் கோயில்காடுகளிலும் குறைந்துவருவதை நாமும் குறைக்க வேண்டாம்.

மரத்தைச் சுற்றி இடுப்பளவு உயரத்துக்குக் கம்பிவேலி போட்டு, பழுக்கும் காலத்தில் விழுந்த பழங்களை நாள்தோறும் கூட்டியெடுத்து ஆழமாகப் புதைக்க வேண்டும்; எரிக்கவோ எருக்குழியில் போடவோ வேண்டாம். மரத்தின் பெயரோடு, பழமும் விதையும் நஞ்சு என்பதைப் படத்துடன் எழுதிய பலகை வேண்டும். படிக்கத் தெரியாத குழந்தைகளுக்குப் படமே பேசும். பள்ளி வளாகத்திலும் அங்கன்வாடி முற்றத்திலும் புதிதாக நடுவதைத் தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே அங்கே முதிர்ந்த மரம் இருந்தால், காய்கள் விளையாட்டுத் திடலின் பக்கம் விழாதபடி கிளைகளைக் கழித்துவிட்டு, ஆசிரியர்களுக்கும் சத்துணவுப் பணியாளர்களுக்கும் மரத்தைக் காட்டி, 108 என்ற எண்ணோடு முதலுதவிக் குறிப்பைச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.